ஒன்ராறியோ பிசி கட்சியில தலைவரை ஆர் தெரிவு செய்யினம், எப்பிடி? – அடிக்கடி கேக்கிற கேள்விகள்

எங்கட வீட்டுக்கு ஆரும் வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கேக்க அரசியல் கதை தொடங்கினா கடைசியா வந்து நிக்கிறது இதிலதான்: "உந்த முதல்வர் டக் ஃபோர்டை ஆர் தலைவராக்கினது, எங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே?" நானும் ஒவ்வொரு முறையும் முதல்ல இருந்து சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன். அதால கேக்கிற கேள்வியளையும் பதிலையும் ஒரேயடியா எழுதி வைக்கிறன். எனக்கு இந்தக் கட்சியில பெரிய பாசமும் இல்லை, கோபமும் இல்லை. ஆனா இவையின்ர தலைமைப் போட்டியள் மாதிரி சுவாரசியமான கணக்கு வழக்கு வேற இடத்தில கிடையாது.

பிசி எண்டா என்ன? ஒட்டாவாவில இருக்கிற கன்சர்வேட்டிவ் கட்சிதானே?

இல்லை. இது கனடாவின்ர ஒன்ராறியோ மாகாணத்துக் கட்சி, முழுப்பேர் ஒன்ராறியோ முற்போக்குப் பழமைவாதக் கட்சி. ஒட்டாவாவில, கனடாப் பிரதமர் போட்டியில நிக்கிற மத்திய கட்சி வேற, இது வேற. ரெண்டுக்கும் நீல நிறம், ஆக்களும் அங்க இஞ்ச போய் வருவினம், ஆனா மெம்பர்சிப் வேற, தலைவர் வேற, காசுக் கணக்கும் வேற. இந்தக் கட்சி 1943 இல இருந்து 1985 வரைக்கும் விடாமல் 42 வருசம் ஒன்ராறியோவை ஆண்டது. அந்த 42 வருசத்தில இவையின்ர கட்சித் தலைவரைத் தெரிவு செய்யிறதே முதல்வரைத் தெரிவு செய்யிற மாதிரித்தான். அதுதான் அந்தக் காலத்து மாநாடுகளுக்கு அவ்வளவு மவுசு.

முந்தி எப்பிடித் தெரிவு செய்தவை?

மாநாடு. ஒவ்வொரு தொகுதியில இருந்தும் டெலிகேட்மாரை, அதாவது பிரதிநிதியளை, அனுப்புவினம், எல்லாரும் ஒரு பெரிய மண்டபத்தில கூடுவினம், வோட் போடுவினம், கடைசியா வந்தவர் வெளியில, திரும்ப வோட், திரும்ப ஒருத்தர் வெளியில, ஆரும் ஒருத்தர் பாதிக்கு மேல எடுக்கும் வரைக்கும் இதுதான். வெளியில போனவர் மண்டபத்துக்கு நடுவால நடந்து போய் ஆற்ற பக்கத்தில நிக்கிறார் எண்டதை முழுச்சனமும் பாத்துக்கொண்டு நிக்கும். சாதாரண வோட் இல்லை, நாடகம்.

1936 இல ஏர்ல் ரோவ் எண்டவர் ஜோர்ஜ் ட்ரூவைத் தோக்கடிச்சுத் தலைவரானவர். ட்ரூவுக்கு ரோவோட ஒத்துவரேல்லை, அடுத்த வருசத் தேர்தலில தனிச்சு நிண்டவர். பேந்து 1938 இல அதே ட்ரூவே தலைவராகி, 1943 இல முதல்வரும் ஆனவர். 1948 இல நடந்தது இன்னும் பகிடி: கட்சி வெண்டது, ஆனா ட்ரூ தன்ர சொந்தத் தொகுதியில தோத்துப்போனார். மனுசன் பேசாமல் ஒட்டாவாவுக்குப் போய் மத்திய கட்சிக்குத் தலைவராகிட்டார். 1949 இல லெஸ்லி ஃப்ரோஸ்ட் முதல் சுற்றிலேயே வெண்டார், அதில கதையே இல்லை.

1961 இல கதை இருக்கு. ஏழு பேர் நிண்டவை, ஆறு சுற்று போனது. முதல் சுற்றில முன்னுக்கு வந்தவர் கெல்சோ ரோபர்ட்ஸ், கடைசியா வெண்டவர் ஜோன் ரோபார்ட்ஸ். பேரைப் பாத்துக் குழம்பாதேங்கோ, ரெண்டு பேரும் வேற வேற ஆக்கள். முதல் சுற்றில முதல்ல வந்தவர் கடைசியில வெல்லாத கதையை நல்லா ஞாபகம் வச்சிருங்கோ, 2018 இல திரும்பவும் வரும்.

1971 இல 44 வோட்டால ஒருத்தர் முதல்வரானது எண்டு சொல்லுறது உண்மையா?

உண்மைதான். பில் டேவிஸ், நாலாவது சுற்றில, 812 க்கு 768. எதிர்த்து நிண்டவர் அலன் லோரன்ஸ். டேவிஸ் கல்வி அமைச்சரா இருந்தவர், எல்லாரும் இவர்தான் எண்டு முடிவெடுத்து வந்திருக்கினம், வந்து பாத்தா சுற்றுக்குச் சுற்று லோரன்ஸ் நெருங்கிக்கொண்டு வாறார். போதாக்குறைக்கு வோட் எண்ண எண்டு கொண்டுவந்த மெசின் வேலை செய்யேல்லை, பேந்து பேப்பரிலதான் போட்டவை. மூண்டாவதா வந்து வெளியில போன டார்சி மக்கியோ டேவிஸ் பக்கம் போனதுதான் காப்பாத்தினது.

எனக்கு இதில ஆகலும் பிடிச்ச விசயம் அதுக்குப் பிறகு நடந்தது. டேவிஸ் வெண்ட கையோட, தன்னை ஒரு மயிரிழையில தவறவிட்ட லோரன்ஸின்ர பிரசாரக் குழுவைத்தான் கூப்பிட்டுத் தன்னோட சேர்த்தவர். நோர்மன் அட்கின்ஸ் மாதிரி ஆக்கள். தோத்தவன்ர ஆக்களை ஓரங்கட்டுறதுதானே எங்கட சங்கங்களிலயும் கோயில் கமிட்டியளிலயும் வழமை? இவர் எதிர்மாறாச் செய்தார். அந்தக் குழுதான் பிறகு "பெரிய நீல மெசின்" எண்டு பேரெடுத்தது, அதை வச்சுக்கொண்டு டேவிஸ் 1985 வரைக்கும் 14 வருசம் முதல்வரா இருந்தார்.

1985 இல ஒரே வருசத்தில ரெண்டு போட்டியா?

ஓம், தைமாசம் ஒண்டு, கார்த்திகையில ஒண்டு. இந்தக் கட்சியின்ர சரித்திரத்தில இதைவிட வலிக்கிற வருசம் இல்லை.

1984 ஒக்டோபரில டேவிஸ் போறன் எண்டு சொல்லிட்டார். நாலு பேர் நிண்டவை: பிராங்க் மில்லர், டெனிஸ் டிம்பிரெல், லரி குரொஸ்மன், ரோய் மக்மேட்றி. மில்லர் மஸ்கோக்காப் பக்கத்து ஆள், கட்டம் போட்ட கோட் போடுறவர், கட்சியின்ர வலதுசாரி, நாட்டுப்புறப் பக்கம். மற்ற மூண்டு பேரும் டேவிஸ் மாதிரி நடுப்பக்கம். இப்ப கணக்கைப் பாருங்கோ. முதல் சுற்று: மில்லர் 591, டிம்பிரெல் 421, குரொஸ்மன் 378, மக்மேட்றி 300. மக்மேட்றி வெளியில போய்க் குரொஸ்மனுக்கு ஆதரவு. ரெண்டாம் சுற்று: மில்லர் 659, குரொஸ்மன் 514, டிம்பிரெல் 508.

ஆறு வோட். ஆறே ஆறு வோட்டால டிம்பிரெல் வெளியில. அவர் குரொஸ்மனோட போய் நிண்டாலும் அவரின்ர ஆக்கள் எல்லாரும் கூடப் போகேல்லை, ஒரு பகுதி மில்லரிட்டப் போட்டுது. கடைசிச் சுற்று மில்லர் 869, குரொஸ்மன் 792. டிம்பிரெல்தான் கடைசிச் சுற்றுக்குப் போயிருந்தா, நடுப்பக்கத்து வோட் எல்லாம் அவரிட்டச் சேர்ந்து மில்லர் தோத்திருப்பார் எண்டு கன பேர் இண்டைக்கும் சொல்லுவினம். நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்.

மில்லர் முதல்வரானார், வைகாசி 2 ஆம் திகதி தேர்தல் வச்சார். பிசிக்கு 52 சீட், லிபரலுக்கு 48, என்டிபிக்கு (புதிய சனநாயகக் கட்சி) 25. லிபரலும் என்டிபியும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் எழுதி, ஆனியில மில்லரைச் சட்டசபையில தோக்கடிச்சு, 42 வருச ஆட்சி முடிஞ்சுது. மில்லரும் விலகினார்.

கார்த்திகையில திரும்ப மாநாடு. இந்த முறை குரொஸ்மன் 848, டிம்பிரெல் 829. பத்தொன்பது வோட்! பாவம் டிம்பிரெல், ஒரே வருசத்தில ஒருக்கா ஆறாலயும் ஒருக்கா பத்தொன்பதாலயும் தோத்தவர். ஆனா வெண்ட குரொஸ்மனுக்கும் ஒரு சுகமும் கிடைக்கேல்லை, 1987 தேர்தலில கட்சி மூண்டாமிடத்துக்குப் போய் அவரும் தன்ர தொகுதியைப் பறிகுடுத்தார்.

மாநாடு ஏன் நிண்டுது?

1987 க்குப் பிறகு கட்சி படுத்திட்டுது, கையில காசில்லை, அன்டி பிரான்ட் எண்டவர் இடைக்காலத் தலைவரா மூண்டு வருசம் இழுத்துக்கொண்டு போனார். டெலிகேட் மாநாடு எண்டா செலவு, அதோட மேல்மட்ட ஆக்களின்ர பிடி. அதால 1990 இல ஒவ்வொரு மெம்பருக்கும் ஒரு வோட் எண்டு மாத்தினவை. அந்த முறையில மைக் ஹரிஸ், டயன் கனிங்ஹாமை வெண்டார், ஐஞ்சு வருசத்தில முதல்வர். பிறகு அவர் அரச செலவில செய்த வெட்டுக்கொத்தெல்லாம் இஞ்ச அப்ப இருந்த ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு மெம்பருக்கு ஒரு வோட் எண்டா, கூட வோட் எடுத்தவர்தானே வெல்லவேணும்?

இல்லை, இஞ்சதான் சூட்சுமம். வோட்டைத் தொகுதி தொகுதியாப் பிரிச்சுப் புள்ளியா மாத்துவினம். ஒரு தொகுதிக்கு 100 புள்ளி. ஒரு சும்மா உதாரணம்: ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில ஒரு தொகுதியில 2,000 பேர் வோட் போடுகினம், ஒருத்தருக்கு 1,200 விழுது, அவருக்கு 60 புள்ளி. வடக்கில தண்டர்பே தாண்டி ஒரு தொகுதியில 150 பேர் போடுகினம், ஒருத்தருக்கு 90 விழுது, அவருக்கும் 60 புள்ளி. அங்கத்தைய 90 உம் இஞ்சத்தைய 1,200 உம் ஒண்டு. 2018 இல 100 பேருக்குக் குறைய வோட் போட்ட தொகுதி எண்டா ஆளுக்கு ஒரு புள்ளி எண்டு கணக்கெடுத்தவை.

ஏன் இப்பிடி எண்டா, ஒரு ஊரில போய் ஒரே இடத்தில ஆயிரக்கணக்கில மெம்பர் சேர்த்துக் கட்சியைப் பிடிக்கக்கூடாது, மாகாணம் முழுக்க ஆதரவு வேணும். நியாயமான காரணம்தான். ஆனா கூட வோட் எடுத்தவர் தோக்கிறதுக்கும் இதே முறைதான் வழி விடுது.

அதோட இப்ப திரும்பத் திரும்ப வோட் போடுறதில்லை. ஒரே தடவையில 1, 2, 3 எண்டு வரிசை போட்டுக் குடுக்கவேணும். மாநாட்டில டெலிகேட் நடந்து போய் மற்றப் பக்கம் நிண்ட வேலையை இப்ப உங்கட 2 ஆம் இலக்கம் செய்யுது.

ஏர்னி ஈவ்ஸ், ஜோன் டோரி, டிம் ஹூடாக் – இவை எப்பிடி வந்தவை?

சுருக்கமாச் சொல்லுறன். 2002 இல ஹரிஸ் போக, அரசியலை விட்டு வங்கி வேலைக்குப் போயிருந்த ஈவ்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து தலைவராக்கினவை, அடுத்த வருசத் தேர்தலில தோத்தார். 2004 இல ஜோன் டோரி. 2007 தேர்தலில மதப் பாடசாலையளுக்கு அரச காசு குடுப்பன் எண்டு சொல்லி மாட்டுப்பட்டு, தன்ர தொகுதியிலயும் லிபரல் கட்சிக் கத்லீன் வின்னிட்டத் தோத்தார். 2008 இல கட்சிக்குள்ள வச்ச நம்பிக்கை வோட்டில 66.9 வீதம், இருக்கவோ போகவோ எண்டு ஒரு முழுநாளும் யோசிக்கிற மாதிரியான இலக்கம். இருந்தார். 2009 இல இவையின்ர சட்டசபை உறுப்பினர் லோரி ஸ்கொட் தன்ர சீட்டை விட்டுக் குடுத்து இடைத்தேர்தல் வச்சும் தோத்தார், அடுத்த நாளே விலகல். ஹூடாக் 2009 இல வந்து ரெண்டு தேர்தல் தோத்தார், 2014 இல ஒரு லட்சம் அரச வேலையைக் குறைப்பன் எண்டு தேர்தலுக்கு முதலே சொன்னவர் அவர்தான். அப்பிடிச் சொல்லிப்போட்டு வோட் கேக்கிறதுக்கு ஒரு தனித் துணிவு வேணும்.

கிறிஸ்ரின் எலியற் எத்தனை தரம் தோத்தவ?

இந்தக் கட்சித் தலைமைப் போட்டியில மூண்டு தரம். 2009, 2015, 2018. ஆனா வீட்டுக் கணக்கு எண்டு பாத்தா ஐஞ்சு. அவவின்ர கணவர் ஜிம் ஃபிளாஹர்ற்றி 2002 இல ஈவ்ஸிட்டயும் 2004 இல டோரியிட்டயும் ரெண்டாவதா வந்து தோத்தவர். அவர் ஒட்டாவாவுக்குப் போய் நிதி அமைச்சராக, அவரின்ர தொகுதியில இவ 2006 இல இடைத்தேர்தலில வந்தவ. 2014 சித்திரையில அவர் செத்துப்போனார், அடுத்த வருசம் இவ திரும்பப் போட்டியில நிண்டா. ஒரு குடும்பம் 16 வருசத்தில ஐஞ்சு தரம் அந்தக் கதவைத் தட்டினது, ஒருக்காக்கூடத் திறக்கேல்லை.

2015 இல எங்கட சனம் கன பேர் மெம்பர் ஆனவையாமே?

ஆனவை. பட்றிக் பிரவுண் பாரிப் பக்கத்து மத்திய எம்பி. மாகாணத்தில ஒருத்தருக்கும் பெரிசாத் தெரியாது, கட்சிப் பெரிய ஆக்கள் எல்லாம் எலியற் பக்கம். அவர் என்ன செய்தார் எண்டா பழைய மெம்பர்மாரோட மினக்கெடாமல் புது ஆக்களைச் சேர்த்தார். தமிழர், தெற்காசியர், வேற குடியேறின சமூகங்கள். பொங்கல் விழா, கோயில் திருவிழா, கலியாண மண்டபம், எங்க போனாலும் அவர் முன் வரிசையில நிப்பார். ஒரு பின்னேரம் மூண்டு இடத்தில படம் எடுத்திருப்பார். வோட் போடத் தகுதியான மெம்பர் தொகை 70,000 க்கு மேல போனது. அந்த வருசம் வைகாசியில 60 வீதத்துக்கு மேல எடுத்து எலியற்றை வெண்டார்.

எங்கட ஆக்களுக்கு இதால ஒரு விசயம் விளங்கினது: பொதுத்தேர்தலில ஒரு தொகுதியில 40,000 பேரில நாங்கள் ஒராள், ஆனா கட்சிக்குள்ள சில நூறு பேரே ஒரு தொகுதியின்ர 100 புள்ளியையும் புரட்டலாம். 2018 தேர்தலில லோகன் கணபதியும் விஜய் தணிகாசலமும் இதே கட்சியில மார்க்கம்–தோர்ன்ஹில், ஸ்காபரோ–ரூஜ் பார்க் தொகுதியளில வெண்டது உங்களுக்குத் தெரியும்தானே.

2018 இல என்ன நடந்தது? ஏன் அவ்வளவு குழப்பம்?

2018 தை 24 ஆம் திகதி இரவு பிரவுணுக்கு எதிரா ரெண்டு பெண்களின்ர பாலியல் குற்றச்சாட்டுகளை சிரிவி (CTV) தொலைக்காட்சிச் செய்தியில போட்டவை. அவர் அதை முழுக்க மறுத்தார், பிறகு வழக்கும் போட்டு அது 2022 இல இணக்கமா முடிஞ்சுது. ஆனா அண்டைக்கு விடியமுதலே தலைவர் பதவியை விட்டுட்டார். தேர்தலுக்கு நாலரை மாசம்தான் இருக்கு! விக் ஃபெடெலி இடைக்காலத் தலைவர், அவசர அவசரமா ஒரு போட்டி.

டக் ஃபோர்ட் அப்ப ரொறன்ரோ மேயர் போட்டிக்குத்தான் ஆயத்தப்படுத்திக்கொண்டு இருந்தவர். எற்றோபிக்கோவில தாயின்ர வீட்டு பேஸ்மென்ற்றில வச்சு, கட்சித் தலைமைக்கு நிக்கிறன் எண்டு அறிவிச்சார். எலியற், கரோலைன் மல்றோனி, ரான்யா கிரானிக் அலன் மற்ற மூண்டு பேர். நடுவில பிரவுணும் திரும்ப வந்து பத்து நாள் நிண்டிட்டு விலகினார். பிரவுண் காலத்தில மெம்பர் ரெண்டு லட்சம் எண்டு சொன்னவை, ஃபெடெலி எண்ணிப் பாத்தா உண்மையில ஒண்ணேகால் லட்சம் சொச்சம்தான்!

வோட் ஒன்லைனில. அதுக்குக் கடிதத்தில ஒரு இலக்கம் வரும், அதை வச்சுப் பதிஞ்சு, அடையாள அட்டையும் ஏத்தவேணும். கன பேருக்குக் கடிதம் நேரத்துக்கு வரேல்லை, திகதியைத் தள்ளினவை, நீதிமன்றத்துக்கும் போனவை, நீதிமன்றம் இன்னும் தள்ள முடியாது எண்டிட்டுது. மாசி முடிஞ்சு பங்குனி 10 ஆம் திகதி மார்க்கத்தில முடிவு சொல்லுறம் எண்டு சனத்தைக் கூப்பிட்டு, மணித்தியாலக் கணக்கில இருத்தி வச்சு, கடைசியா இண்டைக்கு இல்லை வீட்டை போங்கோ எண்டு அனுப்பினவை. சனம் கூ அடிச்சுது. இரவு எல்லாரும் போன பிறகு, பலூனும் இல்லை கூட்டமும் இல்லை, ஃபோர்ட் எண்டு அறிவிச்சவை.

எவ்வளவு வித்தியாசம்?

ஃபோர்ட் 6,202 புள்ளி, எலியற் 6,049. 153 புள்ளி. மொத்த வோட் எலியற்றுக்குத்தான் கூட, 124 தொகுதியில 64 உம் அவவுக்குத்தான், முதல் சுற்றிலயும் அவதான் முன்னுக்கு. கிரானிக் அலன் முதல்ல வெளியில போக, அவவின்ர பாலியல் கல்விப் பாடத்திட்டத்துக்கு எதிரான ஆக்களின்ர ரெண்டாம் தெரிவு பெரும்பாலும் ஃபோர்டுக்குப் போனது. பிறகு மல்றோனி வெளியில போக, அவவின்ர வோட் கூடுதலா எலியற்றுக்கு வந்தது, ஆனா அது போதாமல் போச்சு.

அப்ப கள்ள வோட்டா?

இல்லை. கொஞ்ச மெம்பர்மாரைப் பிழையான தொகுதியில போட்டிட்டினம் எண்டு பிரச்சினை வந்தது, எலியற்றும் அண்டிரவு தோல்வியை ஒத்துக்கொள்ளேல்லை, அடுத்த நாள் ஒத்துக்கொண்டா. விதி எல்லாருக்கும் முதலே தெரியும். அந்த விதியில ஃபோர்ட் வெண்டார். வேற விதி எண்டா வேற ஆள் முதல்வர், அவ்வளவுதான்.

தோத்தவை எல்லாம் எங்க?

எலியற் ஃபோர்டின்ர அரசில துணை முதல்வரும் சுகாதார அமைச்சருமா இருந்து 2022 இல ஓய்வெடுத்தா. மல்றோனி அமைச்சர். பிரவுண் அதே 2018 இல பிரம்டன் மேயர். டோரி அதுக்கு முதலே, 2014 இல, ரொறன்ரோ மேயர், அதில அவரிட்டத் தோத்தவர் ஆர் தெரியுமே? டக் ஃபோர்ட்.

அடுத்த போட்டி எப்ப?

2018, 2022, 2025 மூண்டு தேர்தலிலயும் ஃபோர்ட் பெரும்பான்மை எடுத்திட்டார். வெண்டுகொண்டிருக்கிற தலைவரை ஒரு கட்சியும் லேசில அசைக்காது.

அடுத்த முறை நானும் போடலாமோ? என்ன கவனிக்கவேணும்?

மெம்பரா இருக்கவேணும், குடுத்த கடைசித் திகதிக்கு முதல் சேர்ந்திருக்கவேணும். 14 வயசிலயே சேரலாம், அதால பொதுத்தேர்தலில வோட் இல்லாத உங்கட பிள்ளைக்கு இதில வோட் இருக்கலாம். உங்கட காசை நீங்களே கட்டுங்கோ, வேற ஆரும் கட்டித்தாறம் எண்டா வேண்டாம்.

மற்றது அந்த 2 ஆம், 3 ஆம் இலக்கம். 2018 இல எங்கட அப்பாவுக்கு நான்தான் குசினி மேசையில கொம்பியூட்டரை வச்சு வோட் போடக் குடுத்தனான். அவர் 1 எண்டு மல்றோனிக்குப் போட்டார். ஏன் எண்டு கேக்க, "அந்தப் பிள்ளையின்ர தேப்பன்தானே 86 இல நியூபவுண்லாந்துக் கடலில வந்த எங்கட 155 சனத்தையும் திருப்பி அனுப்பாமல் வச்சவர்" எண்டார். பிரையன் மல்றோனி அப்ப பிரதமர். அந்த நன்றிக்கடன் 32 வருசம் கழிச்சு மகளுக்கு ஒரு வோட்டா வருது. சரியப்பா, ரெண்டாவது ஆர் எண்டன். "ரெண்டாவதா? நான் ஒருத்தருக்குத்தான் போடுவன், ஊரில எண்டா நாலு பேருக்கும் போட்டா சொல்லுவினம் ஆளுக்கு நிலையில்லை எண்டு." நான் புள்ளிக் கணக்கெல்லாம் சொல்லிப் பாத்தன், கேக்கேல்லை. மற்ற மூண்டு பெட்டியையும் வெறுமையா விட்டு அனுப்பியாச்சு. மல்றோனி வெளியில போக அவரின்ர வோட்டும் அதோட முடிஞ்சுது. ஃபோர்டா எலியற்றா எண்டு எண்ணின கடைசிச் சுற்றில அவர் கணக்கிலயே இல்லை. இரவு செய்தியில 153 எண்டு வர என்னைத் திரும்பிப் பாத்தார், பேந்து ரிமோட்டை எடுத்து சனலை மாத்தினார்.